இரண்டு சிவப்பு சேர்ந்தால் ஒரு வெள்ளை

மட்டக்களப்பில் ஒரு விலங்கு எதையாவது செய்துவிட்டால் காரணம் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. பௌர்ணமி இரவில் வாவிக்குள் கேட்கும் சத்தம் மீன் பாடுவது என்பார் ஒருவர். மீனாவது பாடுவதாவது, அது ஓட்டுக்குள் வாழ்கிற ஊரி என்பார் அடுத்தவர். 1848இல் இங்கே வந்து, படகில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்டும் ஊரிப் பக்கம்தான் சாய்ந்து எழுதிவைத்தார். அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தது நம் மீனவர்கள். இவ்வளவு காலமாகியும் கல்லடிப் பாலத்தில் நின்றால் இந்த வழக்கைக் கேட்கலாம்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனால் மீனும் ஊரியும் பேச்சில் வராது. அங்கே யானைதான். வேளாண்மை கதிர் முற்றுகிற நேரத்தில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தாலும் காரணங்கள் வரிசையாக வரும். "காடெல்லாம் வெட்டியாச்சு, அது எங்க போகும்?" "குளம் வத்திப்போச்சு." "நெல்லுட ருசி புடிச்சிப்போச்சு, இனி விடாது." "தனியன்தான் வரும், கூட்டம் வராது."

இவை பிழையா சரியா என்பது எனக்குப் பெரிய கவலையில்லை. எல்லாவற்றுக்கும் எல்லாரும் "ஓம், ஓம்" போடுவதுதான் எரிச்சல். ஒருவர் சொன்ன காரணத்தின் மேல் அடுத்தவர் இன்னொன்றை வைப்பார். அதன் மேல் மூன்றாவது. இரண்டு காரணங்கள் ஒரே விசயத்தைத்தான் வேறு வார்த்தையில் சொல்கின்றனவா, இல்லை ஒன்றில் இல்லாததை மற்றது தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு, அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரு பரிசோதனை நன்றாகத் தெரியும். அது யானைக்காக வந்ததில்லை. மதுவத்தை (ஈஸ்ட்) வளர்ப்பவர்கள் தினமும் செய்கிற வேலை.

கள்ளுத் தவறணைக்குப் போகிறவருக்கும், கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவில் அப்பம் சுடுகிற வீட்டுக்கும் மதுவத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முட்டியில் விழும்போது இனிப்பாக இருக்கிற சாறு சில மணி நேரத்தில் நுரைத்துப் பொங்குவது அதன் வேலை. கள்ளில் பல நுண்ணுயிர்கள் கூட்டாகத்தான் வேலை செய்கின்றன. அவற்றில் பேர்போனது சாக்கரோமைசெஸ் செரவிசியே. பேக்கரியில் பாண் மாவுக்குப் போடுவதும் இதே இனம்தான். 1996இல் இதன் டி.என்.ஏ. முழுவதும் வாசித்து முடிக்கப்பட்டது. கரு உள்ள கலங்களைக் கொண்ட உயிரினங்களில் அப்படி முழுதாக வாசிக்கப்பட்ட முதல் உயிரினம் இது. 16 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்), ஏறக்குறைய 6,000 பரம்பரையலகுகள் (ஜீன்).

ஆய்வுகூடக்காரருக்கு இது பிடித்துப்போனதற்கு முக்கிய காரணம் அதன் குடும்ப வாழ்க்கை. நம் கலங்களில் பெரும்பாலான பரம்பரையலகுகள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும்; கெட்டது வெளியே தெரியாது. மதுவமோ ஒற்றைப் பிரதியோடும் வாழும், இரட்டைப் பிரதியோடும் வாழும். ஒற்றைப் பிரதிக் கலங்களில் ஏ, அல்பா என்று இரண்டு வகை உண்டு. (ஆண் பெண் என்று சொல்ல வராது, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது.) இரண்டு வகையையும் ஒரே தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தேய்த்துவிட்டால் போதும், அன்றைக்கே சோடி சேர்ந்து இரட்டைப் பிரதிக் கலமாகிவிடும்.

டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினீனை மதுவம் பல படிகளில் தானே செய்துகொள்ளும். அதில் ஒரு படிக்கான நொதியத்தைத் தருவது ஏடிஈ2 என்ற பரம்பரையலகு. அதற்கு அடுத்த படிக்கு ஏடிஈ1. இரண்டில் எது கெட்டாலும் அரைகுறையாகச் செய்த பொருள் தேங்கி, கலத்துக்குள் பை போல இருக்கும் புன்வெற்றிடத்துக்குள் போய், ஒட்சியேறிச் சிவப்பாகும். அடினீன் குறைவான ஊடகத்தில் அந்தக் கொலனி முதலில் இளஞ்சிவப்பாக இருந்து பிறகு செங்கல் நிறத்துக்கு வரும். சுகமான மதுவக் கொலனி வெள்ளை.

இப்போது இரண்டு சிவப்புக் கொலனிகள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எதில் எது கெட்டிருக்கிறது என்று தெரியாது. இரண்டையும் சோடி சேர்க்கிறோம். பிறக்கிற இரட்டைப் பிரதிக் கலம் வெள்ளையாக வளர்ந்தால் முதலாவதில் கெட்டது இரண்டாவதில் நன்றாக இருக்கிறது, இரண்டாவதில் கெட்டது முதலாவதில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பாகவே வளர்ந்தால் இரண்டிலும் ஒரே பரம்பரையலகுதான் கெட்டிருக்கிறது. ஓடாத இரண்டு லேண்ட் மாஸ்டர்களை ஒன்றாக்கி ஓட்டப் பார்ப்பது போல: ஒன்றில் பெல்ட் இல்லை, மற்றதில் டீசல் பம்ப் இல்லை என்றால் ஒரு வண்டி தேறும். இரண்டிலும் பெல்ட்தான் இல்லையென்றால் பத்து வண்டியைக் கொண்டுவந்து அடுக்கினாலும் ஒன்றும் ஓடாது.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரையும்போது ஒரு பிள்ளையாவது கேட்கும்: "சேர், சிவப்பும் சிவப்பும் சேர்ந்தா இன்னும் கடுஞ்சிவப்பெல்லா வரணும்?" எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும் என்பதுதான் நம் இயல்பான எண்ணம். இங்கே அவை கூடாமல் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

நிரப்பல் சோதனை என்கிற இதன் அழகு, எந்தப் பரம்பரையலகு, என்ன புரதம், எந்த நிறமூர்த்தம் என்று ஒன்றும் தெரியாமலே எத்தனை பரம்பரையலகுகள் இந்த வேலையில் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று எண்ணிவிடலாம் என்பது. சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் அப்படித்தான் செய்தார். சாதாரண வெப்பத்தில் வளர்ந்து, சூட்டைக் கூட்டினால் கலப்பிரிவில் நடுவழியில் நின்றுவிடுகிற 148 மதுவ விகாரிகளை, அதாவது பரம்பரையலகு கெட்ட வகைகளை, சேர்த்துவைத்து, ஒன்றோடொன்று சோடி சேர்த்துப் பார்த்தார்கள். 1973இல் வெளியான கணக்கின்படி 148ம் 32 கூட்டங்களுக்குள் அடங்கின. டி.என்.ஏ.யை எழுத்தெழுத்தாக வாசிக்கும் வசதி வருவதற்கு முந்திய காலம் அது.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். கெட்ட பிரதி சும்மா கிடக்காமல் நல்ல பிரதியையும் மடக்கிப்போடுகிற வகையாக இருந்தால், அதாவது விகாரம் ஆட்சியுடையதாக இருந்தால், இந்தச் சோதனை ஒன்றுமே சொல்லாது. எதைக் கொண்டுவந்து சேர்த்தாலும் சிவப்புத்தான். இன்னொன்று, ஒரே பரம்பரையலகின் இரண்டு கெட்ட வடிவங்கள் சில வேளை ஒன்றுக்கொன்று கைகொடுத்து எழும்பிவிடும். பல துண்டுகள் கூடி வேலை செய்கிற புரதங்களில் இதைக் காணலாம்.

1987இல் லண்டனில் மெலனி லீயும் போல் நர்ஸும் இதே எண்ணத்தை வேறோர் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடையது கிழக்காபிரிக்க பியரிலிருந்து 1893இல் பிரித்தெடுக்கப்பட்ட வேறு இன மதுவம். மொட்டு விடாமல் நடுவே பிளந்து பெருகுவது. அதில் சிடிசி2 என்ற பரம்பரையலகு கெட்டுப்போன விகாரி, சூடான அறையில் பிளக்க முடியாமல் நீண்டு நீண்டு சாகும். அந்தக் கலங்களுக்குள் மனிதப் பரம்பரையலகுகளின் பிரதிகளைக் கலந்துகட்டிச் செலுத்தினார்கள். பெரும்பாலான கலங்கள் செத்தன. சில பிளந்தன. பிளந்தவற்றுக்குள் இருந்த மனிதத் துண்டை எடுத்து வாசித்தால் அது சிடிசி2இன் மனித வடிவம். மதுவத்தின் பாதையும் நம் பாதையும் பிரிந்து ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும்; இன்னும் அந்த உதிரிப்பாகம் பொருந்துகிறது! 2001இல் ஹார்ட்வெல்லும் நர்ஸும் டிம் ஹன்ட்டும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். 2015இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள், மதுவம் உயிர்வாழ இன்றியமையாத 414 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் மனித வடிவத்தால் மாற்றிப் பார்த்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை வேலை செய்தன.

இந்த இடத்தில் நான் பிள்ளைகளை நிறுத்திவிடுவேன். மனிதத் துண்டு அந்த ஓட்டையை அடைத்தது என்பது வேறு, கலம் ஏன் பிளக்கிறது என்பதற்கு அந்தத் துண்டுதான் காரணம் என்பது வேறு. முதலாவதற்குத் தட்டில் சாட்சி இருக்கிறது. இரண்டாவதைச் சொல்ல ஆசையாக இருக்கும், ஆனால் தட்டு அதைச் சொல்லவில்லை. மதுவத்தில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டாலும் பெரிய சேதமில்லை. விலங்கின் நடத்தைக்கு வந்தால் குடிமுழுகிப்போகும்.

நடத்தையை இந்த வழியில் முதலில் தொட்டவர்களில் ஒருவர், இந்தச் சோதனைக்குக் கூர் தீட்டிய அதே ஆள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. சீமோர் பென்சர் படித்தது பௌதிகவியல். 1950களில் பற்றீரியாவைத் தாக்கும் வைரசு ஒன்றில் இந்த நிரப்பல் சோதனையை நடத்தி, ஒரு பரம்பரையலகு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லை கட்டியவர். பிறகு அதை விட்டுவிட்டு, பழ ஈயின் நடத்தையைப் பார்க்கப் போனார். 1971இல் அவரும் மாணவர் ரொனால்ட் கொனொப்காவும் நாள்கணக்குக் குழம்பிய மூன்று ஈ வகைகளை அறிவித்தார்கள். ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதற்குத் தாளமே கிடையாது, நினைத்தபோது ஓடும், நினைத்தபோது உறங்கும்.

மூன்று கோளாறு என்றால் மூன்று காரணம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்றும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒரே இடத்தில் வந்து நின்றன. பெண் ஈக்கு எக்ஸ் இரண்டு என்பதால் சோதனைக்கும் வசதி: தாளமற்றதையும் 28 மணிக்காரனையும் ஒரே பெண் ஈக்குள் சேர்த்தால் ஒன்று மற்றதைக் காப்பாற்றவில்லை. ஆக ஒரே பரம்பரையலகு; அதன் பெயர் பீரியட். 19 மணி விகாரம் கொஞ்சம் சண்டித்தனம். நல்ல பிரதியோடு சேர்த்தாலும் நாள் 24க்குத் திரும்பாமல் இடையிலே எங்கோ நிற்கும். முன்னே சொன்ன ஆட்சித்தன்மை இங்கே அரைவாசியாக எட்டிப்பார்க்கிறது.

1984இல் இரண்டு கூட்டங்கள், ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ரொஸ்பாஷும் ஒரு பக்கம், மைக்கேல் யங் மறுபக்கம், அந்த டி.என்.ஏ. துண்டைத் தாளமற்ற ஈக்குள் திரும்ப வைத்தார்கள். தாளம் திரும்பியது. சில வரிசைகளில் அச்சொட்டாக 24க்கு வராமல் கொஞ்சம் நீண்டே நின்றது, ஆனாலும் திரும்பியது. ஒரு நடத்தை இல்லாமல் போய், ஒரு துண்டை வைத்ததும் மீண்டும் வந்தது. மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்தபோது பென்சரும் கொனொப்காவும் உயிரோடு இல்லை.

என்றாலும் எனக்குப் பிடித்த கதை ஈயினுடையது அல்ல, தேனீயினுடையது. மட்டக்களப்பைத் தேன் நாடு என்பார்கள், நான் அந்தத் தேன் நாட்டுக்காரன் என்பதால் இருக்கலாம்.

சில தேனீக் கூடுகள் சுத்தக்காரக் கூடுகள். மூடிய அறைக்குள் புழு நோயில் செத்தால் மெழுகு மூடியைத் திறந்து, பிணத்தை இழுத்து வெளியே போட்டுவிடும். வேறு சில கூடுகள் அப்படியே விட்டு நோயைப் பெருக்கிக்கொள்ளும். 1964இல் வால்டர் ரோத்தன்பியூலர் இரண்டு வகையையும் கலந்து பார்த்தார். முதல் தலைமுறை முழுக்கச் சோம்பேறி; சுத்தம் பின்னிடைவானது, மற்றதோடு சேர்ந்தால் வெளியே தெரியாது. அடுத்து அந்தக் கலப்பு இராணியின் ஆண் தேனீக்களை எடுத்து, சுத்தக்கார வரிசை இராணிகளுக்கு ஒவ்வொன்றாகக் கருவூட்டினார். ஆண் தேனீ கருக்கட்டாத முட்டையிலிருந்து பிறப்பது, அதற்கு ஒற்றைப் பிரதிதான், நம் ஏ வகை, அல்பா வகை மதுவத்தைப் போலவே. அதனால் ஒரு கூட்டில் என்ன கலவை இருக்கிறது என்பது ஒளிந்துகொள்ள வழியில்லை.

மொத்தம் 29 கூடுகள். 6 கூடுகள் மூடியைத் திறந்து பிணத்தையும் அகற்றின. 9 கூடுகள் மூடியை மட்டும் திறந்துவிட்டு, உள்ளே கிடந்ததைத் தொடவில்லை. மிச்சம் 14 இரண்டையும் செய்யவில்லை. இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் "14 கூடு சோம்பேறி" என்று எழுதி முடித்திருப்பார். ரோத்தன்பியூலர் அந்த 14 கூடுகளுக்கும் போய், தானே மூடிகளைத் திறந்துவிட்டார். 6 கூடுகள் உடனே பிணத்தை இழுத்து வெளியே போட்டன! திறக்கத் தெரியாது, ஆனால் திறந்திருந்தால் அகற்றத் தெரியும். 8 கூடுகள் அப்போதும் அசையவில்லை.

கெட்ட பரம்பரையலகுக்குப் பதிலாக மனிதனின் கை. அந்தத் தேனீக்களுக்குள் எதையும் மாற்றாமல், இல்லாத ஒரு படியை வெளியிலிருந்து நிரப்பி, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த மற்றப் படியை வெளியே கொண்டுவந்த பரிசோதனை இது. பிற்கால ஆய்வுகள் இரண்டு பரம்பரையலகுக் கணக்கை ஏற்கவில்லை, டி.என்.ஏ.யில் பல இடங்கள் சேர்ந்துதான் இந்தச் சுத்தத்தைத் தருகின்றன என்கின்றன. கணக்கு மாறலாம், கையை வைத்துப் பார்த்த அந்த யோசனை பழுதாகாது.

வட அமெரிக்காவின் வோல் எலிகளின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது மறுபக்கத்தைக் காட்டுவது. பிரெய்ரி வோல் ஒரே துணையோடு ஒட்டி வாழும். மெடோ வோல் அப்படியில்லை. 2004இல் வாசோபிரெசின் வாங்கி என்ற மூளைப் புரதத்துக்கான பரம்பரையலகை மெடோ வோல் ஆணின் முன்மூளைக்குள் கூடுதலாகச் செலுத்தியபோது அதுவும் துணையோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. "விசுவாசத்தின் பரம்பரையலகு" என்று பத்திரிகைகள் குதித்தன. 2023இல் வேறொரு கூட்டம், இந்தப் பிணைப்புக்கு அத்தியாவசியம் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட வேறொரு வாங்கியான ஒக்சிடோசின் வாங்கியையே பிரெய்ரி வோலில் பிறப்பிலிருந்து நீக்கிப் பார்த்தது. அவை வழக்கம்போல சோடி சேர்ந்து வாழ்ந்தன. வைத்தால் வருகிறது என்பதிலிருந்து, எடுத்தால் போய்விடும் என்று சொல்ல முடியாது. எடுத்தும் போகவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது என்றுதான் பொருள்; அந்த வாங்கிக்கு வேலையே இல்லை என்று பொருளில்லை.

சரி, "ஏன்" என்ற கேள்விக்கு வருவோம். 1963இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன், ஒரு நடத்தையைப் பற்றி ஏன் என்று கேட்டால் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன என்று பிரித்துவைத்தார். இந்த நேரத்தில் உடம்புக்குள்ளும் வெளியிலும் எது அதை இயக்குகிறது? பிறந்து வளரும்போது அது எப்படி வந்து சேர்ந்தது? அதனால் பிழைக்கவோ பெருகவோ என்ன லாபம்? மூதாதையரிலிருந்து எந்த வழியில் உருவாகி வந்தது? நாலும் நாலு கேள்வி, ஒன்றின் விடை மற்றதன் விடையைத் தள்ளாது. லாபக் கேள்வி வெறும் கதையாகத்தான் முடியும் என்று நினைப்பவர்களுக்கு அவரே ஒரு பதில் வைத்திருந்தார். குஞ்சு பொரித்ததும் முட்டையோட்டைத் தூக்கிக்கொண்டுபோய்த் தூரப் போடும் கடற்காகம் ஒன்று உண்டு. டின்பெர்கனும் கூட்டாளிகளும் முட்டைகளுக்குப் பக்கத்தில் உடைந்த ஓட்டைத் திரும்ப வைத்தார்கள். ஓட்டின் உட்புற வெள்ளையைக் கண்டு, முட்டை திருட வரும் வேறு இனக் காகங்கள் அந்த முட்டைகளைக் கூடுதலாகத் தின்றன. லாபத்தையும் எடுத்தும் வைத்தும் பார்க்கலாம்.

இந்த நாலு கேள்வியையும் மதுவத் தட்டையும் கையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்கு வருகிறேன். விளக்கம் என்பது பரம்பரையலகு அல்லதான். ஆனாலும் கேட்கலாம்: "காடு வெட்டியாச்சு", "குளம் வத்திப்போச்சு" என்ற இரண்டையும் சோடி சேர்த்தால் என்ன பிறக்கிறது? இரண்டும் சுற்றாடலில் ஏதோ குறைந்துவிட்டது என்கின்றன. அதே காட்டில், அதே வற்றிய குளத்தோடு வாழ்கிற பெண் யானைக் கூட்டம் ஏன் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறது, தனியன் மட்டும் ஏன் வேலியைத் தாண்டுகிறது என்பதற்கு இரண்டிலும் விடை இல்லை. ஓட்டை ஒரே இடத்தில். சிவப்பும் சிவப்பும் சேர்ந்து சிவப்பு.

"ருசி புடிச்சிப்போச்சு" என்பதையும் "தனியன்தான் வரும்" என்பதையும் சோடி சேர்த்தால் சங்கதி வேறு. முதலாவது வளரும்போது பழகிய கதை. இரண்டாவதற்குள் லாபக் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. தென்னிந்தியாவில் ராமன் சுகுமாரும் மாதவ் காட்கிலும் 1988இலேயே இதை எழுதினார்கள்: தலைக்கணக்கில் பார்த்தால் வளர்ந்த ஆண் யானை, பெண் யானையை விட மிக அதிகமாகப் பயிருக்குள் இறங்குகிறது. ஆணுக்கு உடம்பும் பலமும் மதமும்தான் சோடி தேடித் தரும். சத்துள்ள தீனிக்காக உயிரைப் பணயம் வைத்தாலும் கட்டுபடியாகும். குட்டியோடு திரியும் பெண்ணுக்குக் கட்டுபடியாகாது. துணிகிற விலங்கு எது என்று ஒன்று சொல்கிறது, ஒருமுறை துணிந்தது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று மற்றது சொல்கிறது. இது ஏறக்குறைய வெள்ளை.

காடு என்ற காரணத்தை இவ்வளவு லேசாகத் தள்ள முடியுமா என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பெரிய பரிசோதனையே நடந்திருக்கிறது, நடத்தியவர்கள் அதை அப்படி நினைத்துச் செய்யாவிட்டாலும். தொல்லை கொடுக்கிற யானையைப் பிடித்து லொறியில் ஏற்றித் தேசியப் பூங்காவில் விடுவது இந்நாட்டில் நெடுநாள் வழக்கம். காடு இல்லாததுதான் குறை என்றால், காட்டைக் கொடுத்துவிட்டோம். பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் கூட்டாளிகளும் இப்படியான 16 இடமாற்றங்களை ஜி.பி.எஸ். பட்டி கட்டிப் பின்தொடர்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு யானைகள் பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற அத்தனையும் பூங்காவை விட்டு வெளியேறின. சில, பிடித்த இடத்துக்கே திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. சில புதிய இடமொன்றில் குடியேறின. தொல்லை குறையவில்லை, பரவியது.

ஓட்டையை அடைத்தும் கொலனி சிவப்பாகவே வளர்ந்த கதை. இதை வைத்து "காட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று முடிவுகட்டுவது அவசரம். நாம் கொடுத்தது யானைக்கு வேண்டிய காடுதானா என்பது ஒரு கேள்வி. அடர்ந்த முதுகாட்டில் யானைக்குத் தீனி குறைவு. கைவிட்ட சேனை, பற்றைக்காடு, நீர் வற்றிய குளத்தடிப் புல், இவைதான் அதற்கு வசதி. 2021இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானை நடமாடுகிறது, அந்தப் பரப்பில் ஏறக்குறைய 70 வீதத்தில் மனிதர் குடியிருக்கிறார்கள். காடு யானைக்கு, ஊர் மனிதருக்கு என்ற கோடு நம் மனதில்தான் இருக்கிறது. மற்றது ஆட்சித்தன்மை. பழகிய பழக்கம் ஆட்சியுடைய விகாரம் போன்றதானால், எவ்வளவு நல்ல காட்டைப் பக்கத்தில் வைத்தாலும் அது மறையாது. என் சாய்வு இந்தப் பக்கம்தான். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து எச்சிற்சோற்றைத் தின்று யானைகள் செத்தன. பசிக்கு வேறு வழியே இல்லாமல்தான் அங்கே வந்தன என்று என்னால் நம்ப முடியவில்லை.

என் தாய்மாமன் வெள்ளாவெளிப் பக்கம் வயல் செய்கிறவர். இதையெல்லாம் அவரிடம் ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது பழிய மனசில வெச்சிருக்கு மருமகன்" என்றார். "யானை வெடி போட்டவன்ட வாடியத்தானே வந்து புடுங்கிச்சு. மத்த வாடியத் தொட்டிச்சா?"

பழி என்ற விளக்கத்தைச் சிரித்துத் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யானைக்கு நினைவு இருக்கிறது, ஆளை அடையாளம் காணும். ஆனால் வெடி போட்டவருடைய வாடிக்குள்தான் நெல் மூட்டையும் இருந்தது. இரண்டு காரணமும் ஒரே வாடிக்குள் கிடந்தால் எதைப் பிரிப்பது? வெடி போட்டவர் வாடியிலிருந்து நெல்லை எடுத்து, வெடி போடாதவர் வாடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். "வெச்சிப் பாரு மருமகன்," என்றார் மாமா, "ஆனா வாடிக்குள்ள நீதான் படுக்கணும்."

மாமாவுக்குப் பரிசோதனையை விட வேலியில்தான் அக்கறை. அவருடைய நிலையில் யாரும் அப்படித்தான். 2019இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120 பேர் அளவில் மனிதரும் இந்தச் சண்டையில் செத்தார்கள். 2020இல் வகுத்த தேசியச் செயற்திட்டம், வேலியைக் காட்டின் ஓரத்தில் போடாமல் ஊரையும் வயலையும் சுற்றிப் போடச் சொல்கிறது. யானை எங்கே இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிற இடத்தில் போட்ட வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கிறது. வேலி எதைப் பிரிக்கிறது என்றே தெரியாது. வயல் வேலி தற்காலிகமானது. விதைப்போடு போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடலாம். அப்புறம் யானை வந்து ஒட்டுத் தாளை மேய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. யானையை மாற்றப் பார்க்காமல், துணிந்தால் கிடைக்கிற லாபத்தை மட்டும் அந்த மூன்று நான்கு மாதத்துக்கு எடுத்துவிடுகிற ஏற்பாடு. மாமாவின் வட்டையிலும் இதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. கம்பிக்கும் கட்டைக்கும் பங்கு போட எல்லாரும் சம்மதம், மின்சாரம் கொடுக்கிற பெட்டியையும் பற்றரியையும் யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் இழுபறி.